மலையைச் செதுக்கியது யார்?

அடுத்த சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள். ஊட்டி என்பார் ஒருவர். கொடைக்கானல் என்பார் இன்னொருவர். பள்ளி கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருந்தால், "இதோ கல்வராயன்மலை இருக்கிறதே, கரியாலூர் போனால் என்ன?" என்று ஒரு குரல் தயங்கித் தயங்கி எழும். "அங்கே என்ன இருக்கிறது?" என்று நாலு குரல்கள் சேர்ந்து அதை அமுக்கிவிடும்.

அங்கே என்ன இருக்கிறது என்ற இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? 'அழகான மலை' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு படம் நம் மனத்தில் முன்பே ஒட்டப்பட்டிருக்கிறது. நாட்காட்டியிலும் திரைப்படப் பாடல் காட்சிகளிலும் பார்த்த படம் அது. பனி மூடிய கூர்மையான சிகரம். அதன் அடியில் நீல நிற ஏரி. ஏரியோரம் வளைந்து செல்லும் சாலை. ஏரியில் ஒரு வெள்ளைப் படகு. இந்தப் படத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் மலைகளை அளக்கிறோம். ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்கிறோம். ஊட்டியை ஐரோப்பாவின் மலையூர்களோடு ஒப்பிட்டு மகிழ்கிறோம். அப்படியானால் கரியாலூர் எங்கே நிற்கிறது? வரிசையின் கடைசியிலா?

ரசனை அவரவர் விருப்பம். அதில் நான் தலையிட விரும்பவில்லை. ஆனால் இந்த அளவுகோல் அறிவியல்படி தவறானது. அந்தப் படத்திலுள்ள மலையைச் செதுக்கிய சிற்பி ஒருவர். நம் மலையைச் செதுக்கிய சிற்பி வேறொருவர். இருவர் கையிலும் இருந்த உளிகள் வேறு. எடுத்துக்கொண்ட காலமும் வேறு. இது தெரியாமல் போனால் சுற்றுலா சற்றுச் சுவை குறையும் என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. மலையில் எங்கே சாலை வெட்டுவது, எங்கே நீரைத் தேக்குவது, எங்கே வீடு கட்டுவது என்பவற்றிலும் தவறு நேரும். அது உயிர்களோடு விளையாடுவதாக முடியும்.

முதலில் அந்தப் படத்துச் சிற்பியைக் காண்போம்.

நியூசிலாந்தின் தென்தீவில் தெ அனாவ் என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு என்ற கடற்கழிக்கு ஒரு சாலை செல்கிறது. நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஏரிக்கரையில் தொடங்கி, அகன்ற பள்ளத்தாக்கின் வழியே சென்று, இறுதியில் செங்குத்தான பாறைச் சுவரின்மேல் முட்டி நின்றுவிடுகிறது. சுற்றிச் செல்ல வழியில்லை. ஆகவே பாறையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சுரங்கம் அமைத்தார்கள். 1935-இல் தொடங்கிய ஹோமர் சுரங்கப் பாதை 1954-இல்தான் திறக்கப்பட்டது. மறுபுறம் இறங்கினால் கடல். அங்கே படகில் ஏறினால், இரு மருங்கிலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலைகளுக்கு நடுவே செல்லலாம். நூற்றைம்பது மீட்டர் உயரத்திலிருந்து அருவிகள் நேரே கடலில் விழுகின்றன. உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் இந்த ஒரு சாலைப் பயணத்திற்காகவும் படகுப் பயணத்திற்காகவும் அங்கே போகிறார்கள்.

அந்தச் சாலை ஏன் சுவரில் முட்டி நிற்கிறது? அருவி ஏன் மலையின் நடுவிலிருந்து குதிக்கிறது? மலையின் காலடிக்குக் கடல் எப்படி வந்தது? மூன்றுக்கும் விடை ஒன்றே: பனியாறு.

ஆண்டுதோறும் விழும் பனி உருகித் தீராமல் குவிந்தால், அடியிலுள்ளது இறுகிப் பனிக்கட்டி ஆகிறது. அது போதிய கனம் அடைந்ததும் தன் எடையாலேயே மெல்ல நகரத் தொடங்குகிறது. முந்நூறு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி, தனக்கு அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் பாறையையும் ஏறத்தாழ 270 டன் எடையுடன் அழுத்துகிறது. நிறைய மண் ஏற்றிய பத்து லாரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்குச் சமம் இது. அடியில் உறைந்து ஒட்டிய பாறைத் துண்டுகளைப் பனி பெயர்த்தெடுக்கிறது. பிறகு அந்தத் துண்டுகளையே பற்களாகக் கொண்டு தரையைத் தேய்க்கிறது. தச்சரின் இழைப்புளி போன்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த இழைப்புளியின் அகலம் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும்.

ஆறு தன் படுக்கையை மட்டுமே அறுக்கிறது. ஆகவே இளம் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' எழுத்தைப் போல் இருக்கும். பனியாறு அடியையும் பக்கங்களையும் ஒருசேரத் தேய்க்கிறது. ஆகவே அது விட்டுச் சென்ற பள்ளத்தாக்கு நம் 'ப' எழுத்தைப் போல், தட்டையான அடியும் செங்குத்தான சுவர்களுமாக இருக்கும். பெரிய பனியாறு ஆழமாகத் தோண்டும். அதில் வந்து சேரும் சிறிய பனியாறு அவ்வளவு ஆழம் தோண்டாது. பனி உருகியபின் சிறிய பள்ளத்தாக்கு பெரியதன் சுவரில் உயரே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஓடைநீர் வெட்டவெளியில் குதிக்கும். மில்ஃபோர்டின் அருவிகள் அப்படிப்பட்டவை.

இன்னொரு செய்தியும் உண்டு. நான் சொல்ல வந்தவற்றுள் இதுவே முக்கியம். ஆறு மேட்டில் ஏறாது. தான் வெளியேறும் வாயைவிடத் தாழ்வாகப் பெரும் பள்ளம் எதையும் அது தோண்டிவிட முடியாது. பனியாறோ பின்னாலிருந்து வரும் அழுத்தத்தால், பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறியும் நகரும். ஆகவே அது தரையைக் கிண்ணம் கிண்ணமாகத் தோண்டுகிறது. நார்வே நாட்டின் சோக்னே ஃபியோர்டு என்ற கடற்கழி 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. உள்ளே அதன் ஆழம் 1,300 மீட்டர். ஆனால் அது கடலோடு சேரும் வாயில் ஆழம் 200 மீட்டர்கூட இல்லை! எந்த ஆறும் இப்படிச் செய்திருக்க முடியாது. பனி உருகிய இடங்களில் இந்தக் கிண்ணங்கள் நீரால் நிறைந்தன. கடலோரத்தில் அவை ஃபியோர்டுகள், உள்நாட்டில் ஏரிகள். சுவிட்சர்லாந்தின் நீல ஏரிகளுக்கும், காஷ்மீரத்துக் கங்காபல் ஏரிக்கும், இமாசலத்தின் சந்திரதால் ஏரிக்கும் கதை இதுவே.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் பாஞ் பள்ளத்தாக்கில் ழான் பியர் பெரோதேன் என்ற மலைவாசி இருந்தார். மலையாடுகளை வேட்டையாடுவது அவர் தொழில். பனியாற்றின் ஓரத்தில் பாறைகள் எப்படிக் கீறப்படுகின்றன என்பதை அவர் நாள்தோறும் பார்த்தவர். பனியே இல்லாத கீழ்ப் பள்ளத்தாக்கிலும் அதே கீறல்களைக் கண்டார். 'ஒருகாலத்தில் பனியாறு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது' என்று முடிவு கட்டினார். 1815-இல் அவர் இதைச் சொன்னபோது, கேட்ட ழான் தெ ஷார்பான்தியே என்ற பொறியியலார் நம்பவில்லை. பின்னாளில் அவரே அதை ஏற்றுக்கொண்டு, லூயி அகாசி என்ற இளம் அறிஞரையும் நம்ப வைத்தார். அகாசி 1840-இல் எழுதிய நூலால் 'பனிக்காலம்' என்ற கருத்து உலகெங்கும் பரவியது. புகழ் அகாசிக்குப் போயிற்று. அது வழக்கம்தானே! ஆனால் மலையை முதலில் சரியாகப் படித்தவர் அந்த மலையில் வாழ்ந்தவர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன்மலைக்குப் பேருந்தில் ஏறுங்கள். கரும்பு வயல்களைக் கடந்ததும் மலையடிவாரத்தில் கோமுகி அணை. பிறகு வளைவுகள் தொடங்குகின்றன. காதுக்குள் மெல்ல அடைப்பதை உணர்வீர்கள். மேலே போனால், 'உச்சி எங்கே?' என்று தேடத் தோன்றும். கூர்ச் சிகரம் ஏதுமில்லை. அலையலையாக மேடும் தாழ்வுமான ஓர் உயர்நிலம். மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் உள்ளது. கரியாலூரும் வெள்ளிமலையும் இந்த மேல்தளத்து ஊர்கள். தாழ்வான இடங்களில் நெல். சரிவுகளில் மரவள்ளியும் சாமையும். காட்டில் கடுக்காய் மரங்கள்.

இங்கே பனியாறு வந்திருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கடல் மட்டத்தில் நம் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகை என்று கொள்வோம். அது பூச்சியமாகக் குறைய 27-ஐ 6.5-ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 4,150 மீட்டர். இருபதாயிரம் ஆண்டுகளுக்குமுன் கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது நம் பகுதி ஐந்து பாகை குளிர்ந்திருந்தது என்றாலும், 3,400 மீட்டர் வேண்டும். தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். கல்வராயன்மலை ஆயிரம் மீட்டரைச் சுற்றி நிற்கிறது. ஆகவே இந்த மலையைப் பனி தொடவில்லை. செதுக்கியவை மழையும், வெயிலும், ஓடைகளும், மர வேர்களும்.

இந்தச் சிற்பிகள் மெதுவானவர்கள். இந்த மலையின் முக்கியப் பாறை சார்னோகைட் எனப்படும் கடும்பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். (பெயர்க் காரணம் வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் இந்தக் கல்லைக் கண்ட ஹாலந்து என்ற நிலவியலார் 1893-இல் இப்பெயரை வைத்தார். கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து! பல்லாவரத்தில் இந்தப் பாறையை இன்றும் காணலாம்.) இத்தகைய கடும்பாறை மேட்டு நிலங்கள் இயற்கையாகத் தேயும் வேகம், பத்து லட்சம் ஆண்டுகளில் பத்து மீட்டர் என்ற அளவில் இருக்கிறது. அதாவது ஒருவர் எழுபது ஆண்டு வாழ்ந்தால், அவர் ஆயுளில் அந்த மலை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைவதில்லை. சராசரிப் பனியாறு ஓர் ஆண்டில் தேய்ப்பதே ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். அவசரக்காரச் சிற்பி கூர்மையும் செங்குத்துமாகச் செதுக்குகிறான். பொறுமைக்காரச் சிற்பி உருட்டி வழவழப்பாக்குகிறான். அழகு இரண்டிலும் உண்டு. ஆனால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? பேருந்தின் சாலையோரச் சன்னல் வழியாகத்தான்! மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் பாறையின் உள்முகம் தெரியும். மேலே ஒரு சாண், இரு சாண் கருமண். அதன்கீழ் செம்மண். அதற்கும் கீழே கையால் உதிர்க்கக்கூடிய மட்கிய பாறை. அதற்குள் புதைந்தாற்போல் உருண்டைக் கற்கள். சிலவற்றைச் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். அடியில் நீலங்கலந்த கரும்பாறை. மழைநீர் விரிசல்களின் வழியே இறங்கிப் பாறையின் கனிமங்களை வேதியியல் முறையில் களிமண்ணாக மாற்றுகிறது. மூலைகளில் இருபுறமிருந்தும் தாக்குவதால் மூலைகள் முதலில் கரைகின்றன. உள்ளே உருண்டை மிஞ்சுகிறது. மேல்மண் அடித்துச் செல்லப்பட்டதும் உருண்டை தனியே நிற்கும். 'இவ்வளவு பெரிய கல்லை இங்கே உருட்டி வைத்தது யார்?' என்று நாம் வியப்போம். மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கிறதே, கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை, அதுவும் தான் பிறந்த இடத்திலேயே சுற்றிலும் தேய்ந்து நிற்கும் பாறைதான். ஆல்ப்ஸ் பகுதியில் அதே போன்ற கல்லைக் கண்டால் பனியாறு தூக்கி வந்தது என்று கருத இடமுண்டு. இங்கே அது பொருந்தாது. ஒரே தோற்றம், இரு வேறு காரணம்!

சரி, படகு? கரியாலூரில் ஒரு சிறு ஏரியும் படகுத் துறையும் உண்டு. மிதிபடகில் ஏறி ஒரு சுற்று வாருங்கள். அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கியபின் கரையை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். நீர் வெளியேறும் பக்கத்தில் நேரான, ஒரே உயரமுள்ள கரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், அந்த ஏரி மனிதர் கட்டியது. தமிழ்நாட்டு மலையூர்களில் நீங்கள் படகு விட்ட ஏரிகளை நினைத்துப் பாருங்கள். ஊட்டி ஏரி, கோவை ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1823-25-இல் ஓடைகளைத் தடுத்து அமைத்தது. கொடைக்கானல் ஏரி, மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு 1863-இல் அமைத்தது. பைக்காரா, அணைக்கட்டின் நீர். இவை எல்லாம் கட்டியவை. கிண்ணம் தோண்டப் பனியாறு வராத நாட்டில், மலைமேல் இயற்கையாகப் பெரிய ஏரி அமைவது அரிது. ஓடைகள் எல்லாப் பள்ளங்களுக்கும் வடிகால் வெட்டிவிட்டன. பனி செதுக்கிய மலைப் படத்தை மனத்தில் வைத்திருந்தவர்கள் அந்தப் படத்திலுள்ள ஏரி இங்கே இல்லாததைக் கண்டு, அணை போட்டு அதை வரவழைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏரி கட்டுவது குற்றமில்லை. நீர்ப்பாசனத்துக்கும் குடிநீருக்கும் தேக்கம் வேண்டும். அடிவாரத்துக் கோமுகி அணை வயல்களுக்காகக் கட்டப்பட்டது. ஆனால் சுற்றுலா வேண்டுமென்றால் ஒவ்வொரு மலையூரிலும் ஏரி, படகு, பூங்கா என்று ஒரே அச்சில் வார்க்க வேண்டுமா? கல்வராயன்மலையில் பெரியார் அருவி இருக்கிறது. மேகம் அருவி இருக்கிறது. கவியம் அருவி இருக்கிறது. மேல்தளத்தில் சோம்பேறியைப் போல் வளைந்து வளைந்து ஓடும் ஓடை, தளத்தின் விளிம்புக்கு வந்ததும் தலைகுப்புற விழுகிறது. பனி செதுக்காத மலையிலும் அருவிக்குக் குறைவில்லை, காரணம்தான் வேறு. இவற்றை விட்டுவிட்டு, இல்லாத சுவிட்சர்லாந்தைக் கட்ட முயல்வது எனக்கு உடன்பாடில்லை.

'இந்தியாவில் பனியாறு இமயமலையில் மட்டும்தானா?' என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். இன்று ஆம். ஆனால் முப்பது கோடி ஆண்டுகளுக்குமுன் நிலைமை வேறு. அப்போது நம் நிலம் அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா இவற்றோடு ஒட்டிக் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது. 1856-இல் ஒரிசாவின் தால்சேரில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்களும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வினோதமான பாறைப்படிவைக் கண்டார்கள். மிக நுண்ணிய சேற்றுப்பாறைக்குள் பெரும் பெரும் உருண்டைக் கற்கள்! நீரோட்டம் சேற்றையும் பெருங்கல்லையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடாது. பனி சுமந்து வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் துணிந்து எழுதினார்கள். சுடும் வெயில் அடிக்கும் ஒரிசாவில் பனியா என்று அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். பின்னர் மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர்ப் பக்கம் இரை என்ற ஊருக்கருகே, பனி இழுத்த கீறல்களோடு கூடிய பாறைத் தளமே கிடைத்தது. தால்சேர்ப் பனிப் படிவுகளுக்கு மேலேதான் நிலக்கரி அடுக்குகள் உள்ளன. அந்த நிலக்கரி கப்பலேறி வந்து நம் அனல்மின் நிலையங்களிலும் எரிகிறது. உங்கள் வீட்டு விளக்குக்கும் ஒரு பழைய பனிக்காலத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு!

இனி, உயிர்களோடு விளையாடுவது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஒவ்வொரு சிற்பியும் தன் மலையில் ஓர் ஆபத்தையும் விட்டுச் செல்கிறான். பனி செதுக்கிய மலையின் ஆபத்து, உயரே கிண்ணங்களில் தேங்கி நிற்கும் நீர். பனியாறு ஒதுக்கிய கல்லும் மண்ணுமே அதற்குக் கரை; அது எந்நேரமும் உடையலாம். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங் என்னுமிடத்தில் இருந்த பெரிய அணையையே அடித்துச் சென்றது. மழை செதுக்கிய மலையின் ஆபத்து வேறு. அது அந்த மட்கிய பாறையும் செம்மண்ணும். காய்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும். நீர் ஊறினால் கனம் கூடும். துகள்களைப் பிடித்திருக்கும் பிடிமானம் தளரும். சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிகழ்ந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு அது எட்டாத ஊரன்று.

ஆகவே, பத்து லட்சம் ஆண்டில் பத்து மீட்டர் தேய்க்கும் சிற்பிக்கு அருகில், ஒரே நாளில் பத்து மீட்டர் வெட்டும் பொக்லைன் எந்திரத்தை நிறுத்துகிறோம் என்றால், யோசித்து நிறுத்த வேண்டும். இன்று நம் மலைகளைச் செதுக்குவோரில் மிக வேகமானவர் அந்த எந்திரமே. பனியாறுகூட அதன் அருகில் நிற்க முடியாது!

'அப்படியானால் மலைக்குச் சாலையே வேண்டாமா?' வேண்டும். கட்டாயம் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவன் ஆகிவிடுவேன். கல்வராயன்மலையில் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். (கேரளத்தோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, பேசுவது தமிழே.) 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த முறை ஒழிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டம் அமைந்தது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும், பள்ளிக்குப் போகும் உங்கள் வயதுப் பிள்ளைக்கும், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் உழவருக்கும் சாலை வேண்டும். நம் சுற்றுலாப் பேருந்து அவர்கள் சாலையில் போகிற விருந்தாளி.

என் கருத்து இதுதான். ஊர்களை இணைக்கும் சாலைக்கு முதலிடம் கொடுங்கள். காட்சி பார்ப்பதற்கென்று அகலப்படுத்துவதையும், சரிவில் தங்கும் விடுதிகளுக்கு வழி வெட்டுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போடும் சாலையை, மழை செதுக்கிய மலைக்கு உரிய முறையில் போட வேண்டும். மலைப்பக்கத்தில் வடிகால் இருக்க வேண்டும். ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் சிறுபாலம் இருக்க வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட வேண்டும். வெட்டிய சரிவில் உடனே புல்லோ செடியோ பிடிக்க வைக்க வேண்டும். இவை பெரிய பொறியியல் அற்புதங்கள் அல்ல. செலவும் சாலைச் செலவில் ஒரு பகுதிதான். ஆனால் 'மலை என்றால் பாறைதானே, அசையாது' என்று எண்ணுகிறவர் இவற்றை வீண்செலவு என்பார். செம்மண்ணின் கதை தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். எங்கே ஒவ்வோர் ஐப்பசியிலும் மண் சரிகிறது, எந்த ஊற்று முதலில் பொங்குகிறது என்பது அந்த மலையூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அளவு நாடாவை விரிக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். பெரோதேன் சொன்னதை ஷார்பான்தியே நம்பப் பல ஆண்டுகள் ஆயின. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் ஆசிரியரிடம் கேட்டு ஒருநாள் கரியாலூருக்குப் போய் வாருங்கள். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. ஆளுக்கொரு கண்ணாடிப் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள்ளிருந்து வரும் ஓர் ஓடையில் ஒரு புட்டி நீர். மரவள்ளி பிடுங்கிய சரிவின் கீழ் ஓடுவதில் ஒரு புட்டி. புதிதாக வெட்டிய சாலையோர வடிகாலில் ஒரு புட்டி. இறங்கும்போது கோமுகி அணை நீரில் ஒரு புட்டி. ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயரும் நாளும் எழுதி ஒட்டுங்கள். பள்ளிக்கு வந்து அசைக்காமல் இரண்டு நாள் வையுங்கள். அடியில் படிந்த வண்டலை அளவுகோலால் அளந்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீரெடுக்கும்போது வழுக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள். அருவியின் அடியில் இறங்கவே வேண்டாம். அடுத்த ஆண்டு, பெருமழை பெய்த மறுநாள் அதே நான்கு இடங்களில் அந்த ஊர்ப் பள்ளி மாணவர் யாரையேனும் எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள். உங்களைவிடச் சரியான நேரத்தில் எடுப்பார்கள்.